மூன்றாம் எண் சன்னல்

பத்தொன்பது ஆண்டுகளாக என் வேலை
‘இல்லை’ என்பதை மரியாதையாகச் சொல்வது.

சுப்பீரியர் ஏரிக்கரை, நகர மன்றக் கீழ்த்தளம்.
முதுகுக்குப் பின்னால் வெந்நீர்க் குழாயின் இரைச்சல்,
முன்னால் பனிச்சேறு சொட்டும் காலணிகள்.
கண்ணாடியின் வட்டத் துளைக்கு வெளியே
வீடுகள் வந்து நிற்கும்
சுருட்டிய தாளாக, ரப்பர் வளையம் மாட்டி.

லூதர் ஸ்க்யெர்வன் ரொட்டிக்கடை வைக்க வந்தான்.
இருபத்திரண்டு நாற்காலி; ஆகவே
பதினோரு கார் நிறுத்த இடம் வேண்டும்.
“வாசலிலேயே பேருந்து நிற்கிறதே” என்றான்.
பேருந்து எங்கள் அட்டவணையில் இல்லை.
பக்கத்து வீட்டை வாங்கி இடித்தால்
பதினோரு கார் நிற்குமென்று வரைந்தே காட்டினேன்.
அந்தத் தாளை நாலாக மடித்து
மாவு படிந்த சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.
உதவியதாகத்தான் நினைத்தேன்.

பா ந்யா வாங், கார்க் கொட்டகையை வீடாக்கக் கேட்டாள்,
பக்கவாதம் வந்த தம்பிக்காக.
ஒரு மனைக்கு ஒரு வீடு: பிரிவு நாற்பது.
விலக்குக் கோரலாம். நானூற்றைம்பது டாலர்,
சுற்றியுள்ள அத்தனை வீட்டுக்கும் பதிவுத் தபால்,
விசாரணை, ஒத்திவைப்பு, மறுவிசாரணை.
யாரோ எழுதியிருந்தார்கள்:
எங்கள் தெருவின் குணம் கெட்டுவிடும்.
ஒரு ஞாயிறு அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன்.
யாரும் கால் வைக்காத புல்தரைகள்,
என்னைப் பார்த்துக் குரைக்கவும் சலித்துக்கொண்ட ஒரு நாய்.
குணம் அதற்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கச் சட்டப் புத்தகம்.
ஒரு மதிய இடைவேளையில், சாண்ட்விச்சைக் கடித்தபடி,
என் முகவரியையே விண்ணப்பமாக நிரப்பினேன்.
1909இல் கட்டிய கட்டடம்.
கீழே சலவைக்கடை, நடுவில் நான்,
மேலே இரவுப்பணி பார்க்கும் இரு செவிலியர்.
பக்க இடைவெளி போதாது.
உயரம் அதிகம்.
கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ் கூடாது.
கார் நிறுத்தம்: தேவை எட்டு, உள்ளது பூஜ்யம்.
முத்திரையை எடுத்து
என் படுக்கையறையின்மேல் குத்தினேன்: நிராகரிக்கப்பட்டது.
அன்றிரவும் அங்கேதான் படுத்தேன்.
நன்றாகத் தூக்கம் வந்தது.
அதுதான் உறுத்தியது.

மார்ச் மாதக் கூட்டம். ஆளுக்கு மூன்று நிமிடம்.
பேசியவர்களில் பாதிப்பேர் சூரியனுக்காகப் பேசினார்கள்.
ஐந்து மாதம் இந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டாத சூரியன்
நாலு மாடி எழும்பினால் கோபித்துக்கொள்ளுமாம்.
“அலுவலர் தரப்பில் ஏதாவது?” என்றார் தலைவர்,
ஏதுமில்லை என்ற பதிலுக்குப் பழகிய குரலில்.
எழுந்தேன்.
நிராகரித்த என் வீட்டை வரிவரியாகப் படித்தேன்.
கொஞ்சம் சிரிப்பு.
கடைசி வரிசையில் ஒருவர், தன் வீட்டின் வயது நினைவுக்கு வந்ததுபோல்,
உயர்த்திய கையை மெல்லக் கீழே இறக்கினார்.

ஐந்துக்கு நாலு.
கார் நிறுத்தப் பத்தி போயிற்று.
ஒரு மனையில் நாலு குடும்பம்வரை இருக்கலாம்.
விதிக்குப் பொருந்தினால் பதினைந்து நாளில் அனுமதி;
தெருவைக் கேட்க வேண்டாம், என் முகக்குறியைப் பார்க்க வேண்டாம்.
சாமி வரம் தந்தாலும் பூசாரி தரமாட்டாள் என்பார்களே,
பூசாரியின் கையிலிருந்து மணியை வாங்கிவிட்டார்கள்.
கை லேசாக இருந்தது. கொஞ்சம் கூச்சமாகவும்.

பழைய கோப்புகளைத் தூசிதட்டித் தொலைபேசினேன்.
லூதர் இப்போது விஸ்கான்சினில், ஒரு சூப்பர் மார்க்கெட் அடுப்படியில்.
“வாழ்த்துகள்” என்றான்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.

பா ந்யா வந்தாள்,
ஓரம் நைந்த அதே வரைபடத்தோடு.
தம்பி போன அக்டோபரில் போய்விட்டானாம்.
“வாடகைக்கு விடலாமா?”
விடலாம்.
“யாருக்கு வேண்டுமானாலும்?”
யாருக்கு வேண்டுமானாலும்.

அனுமதி முத்திரையில் மை காய்ந்திருந்தது.
மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

வாசலில் சக்கர நாற்காலிக்காக வரைந்த சாய்தளத்தின்மேல்
விரலை வைத்துக் கேட்டாள்:
“இதை அழித்துவிடவா?”

அழிக்க வேண்டாம் என்றேன்.
அதற்கு மட்டும்
எங்கள் புத்தகத்தில் எப்போதுமே தடை இருந்ததில்லை.