எழுபதாவது பை

ஐம்பத்து மூன்று பேர் அணி.
பயிற்சிக்குப் பதினாறு.
அதற்கும் அப்பால் ஒரே ஒரு நாற்காலி,
கடல் தாண்டி வந்தவனுக்கு.
அது கணக்கில் வராது.

டெர்ங்கு அக்பெரை அதில் உட்காரவைத்தார்கள்.
மகுர்டியில் கூடைப்பந்து ஆடியவன், ஆறடி ஏழங்குலம்.
இந்த முட்டைப் பந்தை முதன்முதலாகத் தொட்டபோது
வயது இருபத்தொன்று.
தொட்டபிறகு சொன்னார்கள்:
நீ பந்தைத் தொடவே வேண்டாம்,
அதைப் பறிக்க ஓடி வருகிறவனை
நிறுத்தினால் போதும்.

பஃபலோவின் உடைமாற்றும் அறையில்
சுவர் நெடுக மர அலமாரிகள், பித்தளையில் பெயர்கள்.
அவனுடையது நடுவில், சக்கரம் வைத்தது.
பெயர் வெள்ளை டேப்பில்.
படம் பிடிக்க ஆட்கள் வந்தால்
ஓரமாகத் தள்ளிவிடலாம்.

கீழே சலவை அறையில் டொரோட்டா
வலைப்பைகளை எண்ணி இயந்திரத்தில் போடுகிறாள்.
மாடியில் அறுபத்தொன்பது என்பார்கள்.
அவள் தாளில் எழுபது.
"அழுக்குக்கு விதிவிலக்கு கிடையாது"
என்று போலிஷ் வாடையடிக்கும் ஆங்கிலத்தில் சொல்வாள்,
யாரும் கேட்காமலேயே.

நமக்குப் பழகிய கணக்குத்தான் இது.
கட்டளைக் கலித்துறையில்
புள்ளி வைத்த எழுத்தை எண்ணுவதில்லை.
எண்ணாத அந்த எழுத்துகளைப் பிடுங்கிவிட்டு
ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள்.

நவம்பரில் இடப்பக்கத் தடுப்பாளன் முழங்கால் போயிற்று.
விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள்.
பருவத்துக்கு மூன்று முறை
அவனைக் களத்துக்குத் தூக்கிக்கொள்ளலாம்,
ஆட்டம் முடிந்ததும் இறக்கிவிட வேண்டும்.

தூக்கினார்கள், இறக்கினார்கள்.
மயாமியில் வெயில், இரண்டு தவறு, ஒரு மஞ்சள் துணி.
அடுத்தது எங்கே ஆடினான் என்று அவனுக்கே நினைவில்லை.
மூன்றாவது சொந்த ஊரில்,
ஏரியிலிருந்து பனி குறுக்காக அடிக்கிற மாலையில்.
வந்தவனெல்லாம் அவன் மார்பில் மோதி
நிறுத்தத்துப் பேருந்துபோல் நின்றான்.
எழுபதாயிரம் பேர் அவன் பெயரைத்
தப்பாக உச்சரித்துக் கத்தினார்கள்.

முழங்காலுக்கு இன்னும் இரண்டு வாரம் என்றார் டாக்டர்.
நான்காம் முறைக்கு விதியில் இடமில்லை.
வேண்டுமென்றால் ஐம்பத்து மூன்றில் சேர்த்துக்கொள்.
ஐம்பத்து மூன்று ஐம்பத்து நான்காகாது.

செவ்வாய்க்கிழமை
லமாண்ட் ஸ்டோவாலை மாடிக்குக் கூப்பிட்டார்கள்,
ஆட்டக் குறிப்பையும் கையோடு எடுத்து வரச் சொல்லி.
அப்படிச் சொன்னால் என்ன அர்த்தமென்று
அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.
ஆளுக்கொரு ஷூக் கயிறு கிடைத்தது, குனிந்து கட்ட.

ஸ்டோவால் டோலிடோக்காரன்.
உதைத்த பந்தைத் துரத்தி ஓடுகிற வேலை.
டெர்ங்குவுக்கு லைசென்ஸ் இல்லை, ஆகஸ்டிலிருந்து
தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு
அவனை ஏற்றி வந்த கார் ஸ்டோவாலுடையது.

அன்றிரவு டெர்ங்கு
பேருந்து நேரங்களைத் தேடிக் குறித்துவைத்தான்.
மகுர்டிக்கு அம்மாவைக் கூப்பிட்டான்,
"சேர்த்துவிட்டார்கள்" என்றான்.
அவள் அங்கே குலவையிட்டது
வெகுநேரம் காதில் இருந்தது.
இங்கே என்ன மணி என்று கேட்டாள்.
பார்த்துச் சொன்னான்.

புதன் காலை ஐந்தே முக்காலுக்கு
கீழே ஹாரன் ஒருமுறை அடித்தது.

பின்சீட்டு முழுக்க அட்டைப் பெட்டிகள்.
ஒரு மேசை விளக்குக்கு இடமில்லை,
டெர்ங்கு அதை மடியில் வைத்துக்கொண்டான்.
"போற வழிதானே" என்றான் ஸ்டோவால்.
டோலிடோ போகிற வழி அது இல்லை.
ரேடியோவில் வானிலை சொன்னார்கள், முழுவதையும் கேட்டார்கள்.

வாசல் காவலாளி கையில் புதுப் பட்டியல்.
உள்ளே குனிந்து பார்த்தான்,
பட்டியலைப் பார்த்தான்,
தடுப்புக் கம்பத்தைத் தூக்கவுமில்லை,
போ என்று சொல்லவுமில்லை.

அப்போது ரப்பர் செருப்போடு
பனியில் ஓடிவந்தாள் டொரோட்டா.
நேற்றைய சுமையில் தங்கிவிட்ட ஒரு பை,
உலர்த்தியிலிருந்து அப்போதுதான் எடுத்தது.
ஜன்னல் வழியாக விளக்கின்மேல் திணித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் திரும்பினாள்.

அந்தச் சூட்டில்
காரின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது.
வெளியே நின்றவனுக்கு
உள்ளே எத்தனை பேர் என்று தெரியவில்லை.