பதினோரு அங்குலம்

காவடிக்குக் கொடியேறிய மறுநாள்
படகைக் கரைக்கு இழுத்தேன்.
பத்து நாள் மீன் இல்லை. வீட்டில் சட்டிகூடப் புதுசு.
மாயேபூரில் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு திரியும் அந்த வாரத்தில்
நான் நாற்பது குதிரையைப் பிரித்துப் போட்டேன்.

எண்பத்தாறாம் வருஷத்து மோட்டார்.
மூடியில் வெயில் தின்ற நீலம்,
பழைய சொந்தக்காரன் ஒட்டிய
கால்பந்துக் குழுவின் பாதிச் சின்னம்.

சுப்ராயேனின் புது ஃபோர்-ஸ்ட்ரோக்
தினமும் காலையில் என்னைத் தாண்டும்.
சத்தமே வராது. அதுதான் அவமானம்.
அவன் கையசைப்பான்.
அவனுடைய சுற்றுலாக்காரர்களும் அசைப்பார்கள்.
அவன் அலையைக் குறுக்கே வாங்கிக் குலுங்கி
ஈக்ரெத் தீவுக்குக் கடைசியாகப் போய்ச் சேருவேன்.

முதலில் அடிப்பலகை.
கொட்டலசு சுரண்டினேன், ஒரு வாளி.
உயிரைச் சுரண்டுவது விரதத்தைக் கெடுக்குமா என்று
ஐயரிடம் கேட்கவில்லை.
கேஷினி போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்
கழுத்தில் தொங்கவிட்டு
முன்பலகையில் உட்கார்ந்து
பிரெஞ்சில் எண்களைக் கத்தினாள்.
நான் மனசுக்குள் தமிழாக்கினேன்:
மணிக்கு இருபது கடல்மைல்.
இருபத்தொன்று.
இருபத்தொன்றரை. அது பின்காற்று.

லூசியேன் வந்தான்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
மேல் கார்புரேட்டர் விழித்து முகம் கழுவிய பிறகே
கீழது கண் திறக்கிறது என்றான்.
கால் திருப்பு, அரைக்கால் திருப்பு.
திருகாணி என் வியர்வையில் வழுக்கியது.
கடைசியில் இரண்டு தகடும் ஒரே 'டக்'கில் திறந்தன.
பிளக்குகள் காப்பி நிறத்துக்கு வந்தன.
மோட்டாரை ஒரு துளை உயர்த்தி மாட்டினோம்.
குளிர்நீர் இன்னும் விழுகிறதா என்று
குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டினான்,
'சின்னப் பையன் ஒன்றுக்கு இருக்கிற மாதிரி
விட்டுவிடாமல் விழணும்.'
இருபத்துமூன்று.

டீ நேரத்தில் என் காவடிச் சட்டத்து மயில்பீலியைத் தொட்டு
இது எதுக்கு என்றான்.
பழக்கதையைச் சொன்னேன்:
அண்ணன் அம்மா அப்பாவைச் சுற்றினான்,
தம்பி மயிலேறி உலகத்தைச் சுற்றினான்,
வேகமாய்ப் போனவனுக்குப் பழம் இல்லை.
லூசியேன் நெடுநேரம் யோசித்தான்.
'மயிலுக்கு என்ன விசிறி போட்டிருந்தான்?'

அப்புறம்தான் எங்கள் விசிறியைக் கழற்றினான்.
பதின்மூன்று அங்குலம்.
'ஒவ்வொரு சுற்றுக்கும்
இவ்வளவு கடலை விழுங்கப் பார்க்கிறது.
கிழட்டு வயிறு. அதான் முள்
நாலாயிரத்து எழுநூறில் உட்கார்ந்துவிடுகிறது.'
தன் கொட்டகையிலிருந்து பதினோரு அங்குலத்தில்
ஒன்று கொண்டுவந்தான்,
ஓர் இதழில் அரம் போட்ட தழும்போடு.
சிறிய கடி எப்படி அதிகம் ஓடும்?
நான் நம்பவில்லை.
விரதத்தின் எட்டாம் நாள் அது. காலையிலிருந்து எனக்கு
எலுமிச்சைத் தண்ணீர் மட்டும்.

ஐயாயிரத்து நானூறு.
முள் நடுங்காமல் நின்றது.
கேஷினி எண்ணை விட்டுவிட்டு வெறுமனே கத்தினாள்.
சிங்கமலை மட்டும் அசையவில்லை,
மற்றதெல்லாம் பின்னால் போனது.
இருபத்தைந்து!

ஆனால் தாண்டுவதற்கு ஆள் இல்லை.
சுப்ராயேனுக்கும் விரதம்.
உறை போட்டு நங்கூரத்தில் கிடந்த அவன் படகை
மூன்று முறை சுற்றினேன்.
சுற்றி முடித்த பிறகுதான்
என்ன செய்தேன் என்று உறைத்தது.

பத்தாம் நாள். தார் ரோடு கொதித்தது.
எனக்கு முன்னால் சுப்ராயேன்,
அவன் காவடி என்னுடையதைவிட ஒரு முழம் உயரம்.
அவன் குதிகால் வெடிப்பில்
தார் ஒட்டிக் கருத்திருந்தது.
மேளம் நின்றால் அவன் நிற்பான்,
அவன் நின்றால் நான்.
தாண்ட வழியில்லை; தாண்டவும் கூடாது.

என் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்த கேஷினி
காதருகே எட்டிக் கேட்டாள், இம்முறை தமிழில்:
'இப்போ எவ்வளவுப்பா?'

நாக்கில் வேல்.
சட்டத்திலிருந்து ஒரு கையை எடுத்து
விரல் காட்டினேன்.
ஒன்று.
அதுவும் பின்காற்று.