நாற்பத்தேழாம் எண்

பொனேர் தீவு. பதினோரு மீட்டர் ஆழம்.
ஸுலைன்த் ஊசிக்குழாயை அழுத்துகிறாள்.
மூளைப் பவளத்தின் வெள்ளை விளிம்பில்
சாந்தாக இறங்குகிறது மருந்து.
ஒரே வாரத்தில்
கையகலம் தின்றிருக்கிறது நோய்.

நாற்பத்தாறின் தகடு
போன மாதமே கழன்றுவிட்டது;
லாரிச் சாவியோடு இப்போது கிலுங்குகிறது.

கரையேறி, கவசம் துடுப்பு எல்லாவற்றையும்
பிளீச்சிங் நீரில் முக்குகிறாள்.
"இங்கிருந்து எதுவும் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது"
என்றது கடலைப் பற்றியா, வீட்டைப் பற்றியா,
எடில்சன் கேட்கவில்லை.
வாளியை மட்டும் பிடித்துக்கொண்டான்.

மூன்றாம் மாதம்.
செத்த பக்கத்தில் பாசி மண்டிக் கிடக்கிறது.
மருந்துக் கோட்டை நோய் தாண்டவில்லை.
கோட்டருகே, நகக்கண் அளவு,
பழுப்பாய் ஒரு மடிப்பு
பாசியின் மேல் ஏறப் பார்க்கிறது.

பலகையில் பென்சிலால் எழுதினாள்: உயிரோடு.
குமிழிகள் சில போனபின்
பக்கத்தில் சேர்த்தாள்:
இன்று வரை.