ஐந்து பிராங்க்

பாசல் சனிக்கிழமைச் சந்தையில்
ஏழு பிராங்க் என்றவள் ஐந்துக்குத் தந்தாள்,
பாதி கிறுக்கல் என்பதால்.

ரைன் பாலத்தை ஒரு கை வரைய
இன்னொரு கை சிவப்புப் பென்சிலில்
ஒரு வளைவைக் கூட்டியிருக்கிறது.
பிறகு காது.
பதினொரு பக்கம் அதே காது,
தூங்குகிறவருடையது போல, தலையணை மடிப்போடு.
முகம் வரைய யாருக்கும் துணிவு வரவில்லை.

காதுக்கடியில் பழைய ஜெர்மன் கையெழுத்து.
மேல்மாடி ஹெட்விக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்:
உருளைக்கிழங்கு. சோப்பு. விளக்குத் திரி.
அவனிடம் சொல்லாதே.

எதை என்று இருவரும்
காபி ஆறும்வரை யோசித்தோம்.

நேற்று டிராமில் போன் செத்துவிட்டது.
கடைசிப் பக்கத்தில் எழுதினேன், தமிழில்:
புதன் நாலேகால், பல் டாக்டர்.

இனி வாங்குகிறவர் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவாரோ.
சுழிகளைப் பார்த்துப்
பெரிய விஷயம் என்று நினைத்தால்
நினைக்கட்டும்.