அக்கட்டப் போனால் பெரிசு

பனியன் துணிதான் திரை.
கப்பல் ஏறாமல் திரும்பி வந்த சரக்கு.
வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை.
அதை நிலா என்று வைத்துக்கொள்வோம் என்றேன்.
"எண்ணெய்க் கறைங்க மிஸ்" என்றான் மௌலீஸ்வரன்.
சரி. எண்ணெய்க் கறை.

திருப்பூர், வீரபாண்டி, ஞாயிற்றுக்கிழமை.
ஐந்தாம் வகுப்பின் ஜன்னல்களைக்
கறுப்புப் பாலித்தீன் கொண்டு அடைத்தாயிற்று.
கல்யாண மண்டபத்தில் இரவல் வாங்கிய ஹாலஜன் விளக்கு.
பதினாறு பிள்ளைகள், ஒன்பது கத்தரிக்கோல்.
பொம்மைக்குத் தோல் ஏது?
கம்பெனி அட்டைப்பெட்டிதான்,
'எக்ஸ்எல்' என்று அச்சடித்த பக்கத்தோடு.

ராஜா, சிங்கம், காடு, முனிவர்
என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
ராஜாவை ஒருவரும் வெட்டவில்லை.

நேகவர்ஷினி ஓவர்லாக் மிஷின் செய்தாள்,
ஊசிக்கு மட்டும் தனியாக ஓர் ஈர்க்குச்சி.
பரணிதரன் வெட்டியது கம்பெனி வேன்.
ஜன்னலுக்கு ஒரு தலை வைத்துப் பார்த்தான்;
நைட் ஷிப்ட் முடிந்தவர்கள் நேராக உட்கார மாட்டார்கள் என்று
எல்லாத் தலையையும் பிய்த்துச் சாய்த்து ஒட்டினான்.
சாயப்பட்டறைச் சந்திலிருந்து வரும் மௌலீஸ்வரன்
தன் நாய்க்கு நாலு காலும் நாலு நிறம் என்றான்.
நிழலில் நிறம் விழாதே, என்றேன்.
"வாயில சொல்லிக்குவேனுங்க."

நான் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்:
கையை மறை. விளக்கைப் பார்க்காதே.
துணியை ஒட்டிப் பிடித்தால் உருவம் தெளிவாக விழும்.

லிப்சா கடைசியாக வந்தாள்.
கஞ்சாம் ஜில்லாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
வாங்கோ, போங்கோ, சில்லறை இல்லீங்கோ
என்ற அளவில் தமிழ்.
அவளிடம் இரண்டே உருவங்கள்.
சின்னது அவள். சேலை கட்டியது அம்மா.
இருவரும் துணியை ஒட்டி நின்றார்கள்,
விரல் நகம்கூடத் தெரிகிற தெளிவில்.
"டிரெய்ன்" என்றாள்.
அம்மாவைத் துணியிலிருந்து பின்னால் இழுத்தாள்.

அம்மா வளர்ந்தாள்.
இன்னும் இழுக்க, இடுப்புக்கு மேல் துணியில் கொள்ளவில்லை.
"ஐயோ, பூதம்!" என்று பின்வரிசை சிரித்தது.
நான் குறுக்கிட்டேன், கெட்ட பழக்கம்:
ஊருக்குப் போகிறவர்கள் சின்னதாகத்தானே ஆகணும், கண்ணு?
லிப்சா தலையை ஆட்டினாள்.
"இல்லீங்கோ. அக்கட்டப் போனா பெருசு."

மேலும் ஓரடி.
ஓரங்கள் கலங்கிப் புகையாயின.
மூக்கு எது முந்தானை எது என்று தெரியாமல்
துணி முழுக்க அம்மா.
சின்ன லிப்சா அதற்குள் எங்கோ கரைந்துவிட்டாள்.
வகுப்பே இருட்டாகி
பதினேழு பேரும் ஒட்டுக்கா
அவள் அம்மாவுக்குள் உட்கார்ந்திருந்தோம்.

நடுவில் ஒரே ஒரு வெளிச்ச வட்டம்.
அட்டையில் எப்போதோ
குண்டூசியால் குத்தியிருக்கிறாள்;
அந்தப் பொத்தலும் ஒரு தட்டத்தின் அளவுக்கு ஊதியிருந்தது.

"நிலா" என்று நானே அறியாமல் சொல்லிவிட்டேன்.
லிப்சா தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.
மௌலீஸ்வரன் மொழிபெயர்த்தான்:
"மூக்குத்திங்க மிஸ்."

யாரோ இருட்டில் "அப்பறம்?" என்று கேட்டார்கள்.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் ஊர் ஊராக
விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைவது.
ஆனால் அதற்குள் அட்டை தீய்ந்த வாடை,
கூச்சல், யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறக்க,
ஹாலஜன் மேல் ஊற்றாதே என்று நான் பாய,
அம்மா முழங்கை கருகியதோடு தப்பினாள்.
அப்பறம் என்ன என்று
லிப்சா இன்னும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பரணிதரன் முறை.
வேன் வந்தது. சாய்ந்த தலைகள் குலுங்கின.
ஓரத்துக் கறைக்கு நேர் மேலே நிறுத்தி,
"ஆயில் ஒழுகுது, எல்லாரும் எறங்குங்கோ" என்றான்.
எண்ணெய்க் கறைக்கு அப்படியொரு வேலை கிடைத்தது.
இறங்கியவர்களில் சேலை கட்டிய ஒருத்தி
முழங்கை கருகி இருந்தாள்.
இரவல் கேட்டு வாங்கியிருக்கிறான்.
துணியை ஒட்டித்தான் பிடித்திருந்தான்.
மூக்குத்தி கடுகளவு.