மட்டும்

மென்பொருளின் பெயர் துலாக்கோல்.
காசு கிடையாது. யார் வேண்டுமானாலும்
எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம்.
எடைமேடைக்கு அதன் கையேட்டில் இரண்டே வரி:
"கருவியை இணைக்கவும்.
எடை திரையில் தெரியும்."

தெரிந்தது.
திருவாடானை நெல் லாரி மேடையேறியபோது
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது கிலோ.
உள்ளே அரவை மோட்டாரைப் போட்டார்கள்.
அதே லாரி, அதே நெல்,
எழுபத்தோராயிரம்.
பிறகு ஒரு கேள்விக்குறி,
பிறகு காலிச் சதுரம்.
டிரைவர் கலீல் எட்டிப் பார்த்து
"எழுபத்தோராயிரத்துக்கே பில் போடுங்கக்கா" என்றார்.

புதுவயலில் மில்லுக்குப் பஞ்சமில்லை.
எடையில் ஒருமுறை சந்தேகம் வந்தால்
லாரி அடுத்த கேட்டுக்குப் போய்விடும்.
சேவுகன் முதலாளி வெள்ளிக்கிழமை வரை
தவணை தந்தார். அன்று செவ்வாய்.

நான் கணக்குப் பிள்ளை. மின்சாரம் தெரியாது.
ஃபேனை நிறுத்திப் பார்த்தேன்,
பிரிண்டரை, டியூப்லைட்டை,
பாய்லர் பக்கத்து மணியை.
நெல் அவியும் ஆவியில் கண்ணாடி மங்க மங்க
ஒயர் போகும் வழியெல்லாம் குனிந்து போனேன்.
எவனோ சிக்கனக்காரன்
எடை ஒயரையும் மோட்டார் ஒயரையும்
ஒரே சணலில் கட்டி
ஒரே குழாயில் விட்டிருந்தான்.

சணலை அறுத்து ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
வேகத்தை 9600-லிருந்து 2400-க்கு இறக்கினேன்.
மோட்டார் உறுமியது.
எண் அசையவில்லை.

அன்றிரவு அந்தக் கையேட்டுப் பக்கத்தில்
எத்தனையோ நாள் பார்த்த சொல்லை
முதன்முறையாகப் படித்தேன்: திருத்து.
எழுதியவர்களுக்கான பொத்தான் என்று நினைத்திருந்தேன்.
அழுத்தினால்
என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை.
பக்கம் சட்டை கழற்றி விலா எலும்பெல்லாம் காட்டியது:
சமக்குறிகள், நட்சத்திரங்கள், கொக்கிகள்.
நடுவில் என் ஒயரை எழுதினேன், என் சாணை எழுதினேன்.
பயந்துகொண்டு கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
"இது எங்கள் மில்லில் மட்டும் நடந்திருக்கலாம்."
சேமி.

வாரம் கழித்து வரலாற்றைத் திறந்தால்
என் பத்தியில் ஊரே நடமாடியிருக்கிறது.
ஒருவர் ஒயரைக் கம்பியாக்கிவிட்டார்.
இன்னொருவர், "சாண் என்றால் யாருடைய சாண்?"
கோபம் வந்தது.
பேரேட்டின் மேல் கையை விரித்து அளந்தேன்.
பத்தொன்பதரை.
இருபது சென்டிமீட்டர் என்று போட்டேன்.
பெயர் போடாத யாரோ
தொடக்கத்தில் ஒரே வரி வைத்திருந்தார்:
"முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும்."
மூன்று நாள் அந்தக் குழாய்க்குள்
கைவிட்டுத் துழாவியவள் நான்.
அந்த வரியை அன்று பலமுறை படித்தேன்.

கடைசித் திருத்தம் பரந்தனிலிருந்து,
நெல் கூட்டுறவுச் சங்கத்து ஆள்.
அவர் எதையும் சேர்க்கவில்லை.
ஒரு சொல்லை எடுத்திருந்தார்.
"மட்டும்" மீது சிவப்புக் கோடு.
காரணம் என்ற கட்டத்தில்:
"இஞ்சையும் அப்பிடித்தான்."

"இது எங்கள் மில்லில் நடந்திருக்கலாம்."
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
"எங்கள்" உறுத்தியது.
அழித்து "நம்" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் யாரோ மீட்டெடுத்திருந்தார்கள்:
"எந்த மில் என்று தெளிவில்லை.
கையேட்டில் கவிதை வேண்டாம்."
சரிதான்.

இன்று கலீல் மேடையில் நிற்கிறார்.
பதிமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
மோட்டார் ஓடுகிறது.
பில் மட்டும் பாதியில் வெட்டி வருகிறது,
மூட்டைக் கணக்கு அடுத்த தாளில்.
கையேட்டில் தேடினேன். "அச்சிடுதல்" என்று தலைப்பு.
கீழே நாலு வருடமாக ஒரே சொல்:
"விரைவில்."

ஜெசிந்தாக்கா, லேட்டாகுது என்கிறார் கலீல்.
இருங்க, ஸ்கேலை எடுத்துக்கறேன்.