மேன்மைமிகு வீரசோழன் அவர்களுக்கு

பொறையாறு தபால் முத்திரை
பாதி விழுந்த உறையில்
'திரு. ஹெப்சி பா' என்றிருந்தது.
நான் திரு அல்ல.
ஹெப்சிபா. ஒரே சொல்.
நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை.

உலக இசையமைப்பாளர் ஆயிரவரின்
வாழ்க்கைக் குறிப்புக் களஞ்சியத்துக்கு
என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம்,
ஒருமனதாக.
தோல் அட்டைப் பிரதி பதினெட்டாயிரத்து ஐநூறு.
வண்ணப்படத்துக்கு நாலாயிரம் தனி.
பதக்கம் வேண்டுமானால் கட்டம் 'ஈ'யில் டிக்.
தேர்வுக்குழுவில் யார் யார் என்பது மட்டும்
எந்தக் கட்டத்திலும் இல்லை.

சிரித்தேன்.
படிவத்தைக் கிழிக்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
இதே போல் ஒன்றுக்குக் கட்டியவள் நான்.
ஆறாயிரம், இரண்டு தவணை,
தங்கைக்குத் தெரியாமல்.
வந்த புத்தகத்தில் என் பக்கத்தை விரித்தால்
எதிர்ப்பக்கத்தில் ஹென்றி பாக்கியராஜ்,
சீர்காழி, உரக்கடை.
போன் போட்டேன்.
"பாட்டா? ஸ்வரம் எத்தனைன்னே தெரியாதும்மா.
பொண்ணு கல்யாணப் பத்திரிகையில
போட்டுக்கலாமேன்னு கட்டினேன்.
நீங்க?"

அந்த 'நீங்க?'வுக்கு
இன்றுவரை பதில் சொல்லவில்லை.

தஞ்சாவூரில் தேடினேன், காரைக்காலில் தேடினேன்,
எந்த நூலகத்திலும் அந்தப் புத்தகம் இல்லை.
ஆயிரம் பேர், ஆயிரம் பிரதி.
ஒவ்வொரு பிரதியிலும்
ஒரு பக்கத்தில் மட்டும்தான்
விரல் அழுக்குப் படிந்திருக்கும்.

ஆகவே இம்முறை
படிவத்தை வேறொருவர் பெயரில் நிரப்பினேன்.
பெயர்: வீரசோழன்.
தாய்: காவிரி.
தொழில்: ஓடுதல், சில மாதம் மட்டும்.
வசிப்பிடம்: சங்கரன்பந்தல் வழியாகப் பொறையாறு.
முக்கியப் படைப்புகள்: மதகடிக் கச்சேரி,
நாற்றங்கால் தாளம்,
எழுபத்தேழு வெள்ளத்தில் ஒரு பெரிய உருப்படி,
கேட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள்.
விருதுகள்: குறைவு.
எதிர்பார்க்கும் அங்கீகாரம்: தூர் வாருதல்.

பதினோராம் நாள் பதில் வந்தது.
'மேன்மைமிகு வீரசோழன் அவர்களே,
தங்கள் கலைச்சேவை கண்டு
குழு வியந்தது.'
கீழே, அதே எழுத்தில், அதே இடத்தில்:
ஒருமனதாக.

சிரிக்கத்தான் செய்தேன், ராத்திரி வரை.
பிறகு என் பழைய கடிதத்தை எடுத்து
பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஆற்றுக்குச் சொன்னதுதான் எனக்கும்.
கமா கூட மாறவில்லை.

ஆக்கூர் சாவு பேண்டில்
என் லெந்துகாலக் கீர்த்தனை ஒன்றை வாசிக்கிறார்கள்.
நாலு குரலுக்கு எழுதியது,
ஒற்றைக் கிளாரினெட்டில்.
யார் போட்ட மெட்டு என்று கேட்டால்
'பழசு' என்பார்கள்.
மூன்றாம் அடியில் ஓர் இடம் தப்பு.
போன மாதம் ரயில்வே கேட்டில் நின்று கேட்டேன்:
தப்புதான் நன்றாயிருந்தது.
வீட்டுக்கு வந்து
என் நோட்டில் அதையே திருத்திக்கொண்டேன்.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இப்போதெல்லாம் வீரசோழனுக்கு நிறையத் தபால்.
தள்ளுபடி, இறுதி வாய்ப்பு,
டெல்லியில் பாராட்டு விழா, பயணச்செலவு தங்களுடையது.
தபால்காரர் இதயத்துல்லா
பாலத்தில் சைக்கிளை நிறுத்தி
கீழே எட்டிப் பார்க்கிறார்.
மணல், ஆகாயத்தாமரைச் சருகு,
ஒற்றைச் செருப்பு.

"ஆள் இல்லைன்னு எழுதி அனுப்பிடவா, டீச்சர்?"

"வேண்டாம்.
மேட்டூர் திறந்தா
ஆடி வாக்கில் வருவார்னு எழுதுங்க.
வந்தாலும்,
பணம் கட்ட மாட்டார்."